ஜோடிக்கு ஒரு விசில்

நாலாவது நாளும் கேன்டீன்காரம்மா சின்னவளுக்கு சூப் ஊற்றவில்லை. கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். இந்தத் தேசத்து மொழி சின்னவளுக்கு இன்னும் காதிலேயே ஏறவில்லை. ஆனாலும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி கேட்டால் 'வேணுமா' என்றுதான் கேட்பாள் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. சின்னவள் தலையை ஆட்டினாள். பிறந்ததிலிருந்து ஆட்டுகிற மாதிரிதான், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். கேன்டீன்காரம்மா உதட்டைப் பிதுக்கினாள், கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டாள், பின்னால் நின்ற பையனைப் பார்த்தாள். அவ்வளவுதான். தட்டில் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு வேகவைத்த உருளைக்கிழங்கும் கிடந்தன. அதைத் தூக்கிக்கொண்டு சின்னவள் ஜன்னலோரத்து மேஜைக்குப் போனாள். அங்கே பெரியவள் கிண்ணத்தில் ஆவி பறக்க சூப் குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஜக்கில் அவளுடைய போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"என்னடி, இன்னைக்கும் சூப் வேணாமா?"

"கேட்டேன்கா. குடுக்க மாட்டேங்கிறாங்க."

"உன்னப் பாத்தா பிடிக்கலையோ என்னமோ."

சின்னவள் அதையும் நம்பினாள். வந்த இடத்தில் ஒருத்திக்குத் தன் முகம் பிடிக்காமல் போவது அவளுக்கு அதிசயமாகப் படவில்லை. சொந்த வீட்டிலேயே பாதிப் பேருக்கு அப்படித்தானே. காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தின்றாள். வெளியே மலை நின்றது. மலை என்றால் தூரத்தில் நீலமாகத் தெரிகிற மலை இல்லை, ஜன்னலைத் திறந்தால் மூக்கில் இடிக்கிற மலை. பத்து மணிக்குத்தான் அதன் தோளுக்கு மேலே சூரியன் வரும், மூன்று மணிக்கெல்லாம் இன்னொரு தோளுக்குப் பின்னால் போய்விடும். நடுவில் கிடைக்கிற வெளிச்சத்தில்தான் இந்த ஊர்க்காரர்கள் பிழைக்கிறார்கள்.

இரண்டு பேரும் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள். பெரியவள் மூன்று மாதம் மூத்தவள். மூன்றே மூன்று மாதம்தான். ஆனால் பேச்சு வந்த நாளிலிருந்து சின்னவள் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிட வேண்டும், ஒருமுறை தவறிப் பேர் சொல்லிக் கூப்பிட்டதற்குப் பெரியம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறாள். பெரியவளுக்கு நிறம், உயரம், வாய், எல்லாம் உண்டு. சின்னவளுக்கு என்ன உண்டு என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை. 'பொம்மை' என்று பேர் வைத்ததும் பெரியவள்தான். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை ஒரு தட்டு தட்டினால் தன் பாட்டுக்கு ஆடுமே, அந்தப் பொம்மை. பெயர் குடும்பம் முழுக்க ஒட்டிக்கொண்டது. இப்போது சித்தப்பாக்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பெரியவளுக்குப் பாறைப் படிப்பில் இடம் கிடைத்தது இங்கே. பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று பெரியப்பா குதித்தார். "அதுக்கென்ன, பொம்மையும் கூடப் போகட்டும்" என்றாள் பெரியம்மா, கடைக்குப் போகும்போது பையைக் கையில் கொடுப்பது போல. சின்னவளுக்கு உள்ளூர்க் கல்லூரியில், வீட்டிலிருந்து இரண்டே பஸ் நிறுத்தம், கணிதத்தில் இடம் கிடைத்திருந்தது. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, இங்கே அதே பாறைப் படிப்புக்குப் பணம் கட்டியது அவள் அப்பா. "கல்லுப் படிக்கவா கடல் தாண்டிப் போறீங்க? நம்ம வாசல்லயே ஒரு லோடு கொட்டிக் கிடக்கே" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பாள்.

ஐந்தாம் நாள் காலையில் போனைத் திறந்தால் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ. நான்கு நாள் மதியத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டியிருந்தது. நான்கு முறை கரண்டி தூக்குகிறது, நான்கு முறை சின்னவள் தலை ஆடுகிறது, நான்கு முறை கரண்டி உள்ளே போகிறது. பின்னால் ஜிங்கு ஜிங்கென்று ஒரு மேளம். கீழே பெரியவள் எழுதியிருந்தாள்: இந்த ஊர்ல தலைய இப்படி ஆட்டுனா வேணாம்னு அர்த்தமாம், பொம்மைக்கு இன்னும் தெரியல. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள். பெரியம்மா, பெரியப்பா, மாமா, மாமா பையன், கல்யாணமாகி எங்கேயோ இருக்கிற அத்தை. பதினான்காவது மூஞ்சி அவள் அம்மா போட்டது.

பதிமூன்றையும் சின்னவள் மன்னித்துவிடுவாள், அவளுக்கு அது பழக்கம். அந்தப் பதினான்காவது மட்டும் தொண்டையில் மாட்டிய மீன் முள் மாதிரி நின்றுகொண்டது. நாலு நாள் பட்டினி கிடந்த பிள்ளையைப் பார்த்துப் பெற்றவளுக்கு எப்படிச் சிரிப்பு வரும் என்று யோசித்து யோசித்து அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. அது உயரத்தினால் வருவது, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வரும் என்று விடுதிக் காப்பாளர் பஞ்சு கொடுத்தார்.

"உனக்கு எப்பக்கா தெரியும்?"

"மொத நாளே தெரியும். நீயா கண்டுபிடிப்பேன்னு பாத்தேன். எவ்ளோ நாள் ஆகும்னு பாத்தேன்."

பஞ்சை மூக்கில் வைத்துக்கொண்டே சின்னவள் பெரியவளின் காலுறைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். வந்த முதல் நாளே வேலை பிரிந்துவிட்டது, யாரும் பிரிக்கவில்லை, தானாகப் பிரிந்தது. வெந்நீர் வைப்பது, படுக்கை மடிப்பது, காலையில் எழுப்புவது, வகுப்பில் எழுதியதைத் திருத்தமாக மறுபடி எழுதிக் கொடுப்பது சின்னவள். பேசுவது பெரியவள். கடையில், அலுவலகத்தில், வகுப்பில், இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

மொழி வகுப்பு எடுத்த டீச்சர் ஒல்லியானவர், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். சின்னவளை எழுந்து நிற்கச் சொல்லி, தன் தாடையில் ஒரு விரலை வைத்து மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். இது ஆமாம். பிறகு மூக்கை ஒரு தோளுக்கும் இன்னொரு தோளுக்குமாகத் திருப்பினார். இது இல்லை. பிறகு சின்னவளைப் போல ஆட்டிக் காட்டி, கையை விரித்தார். இது ஒன்றுமில்லை. வகுப்பே சிரித்தது. ஆனால் சின்னவளுக்கு அங்கே ஒரு விஷயம் விளங்கியது. 'இல்லை'க்கு இரண்டு ஊரிலும் ஒரே ஆட்டுதான், மூக்கு தோளைத் தேடும். நம் 'ஆமாம்'தான் வேறே, அதில் காது தோளைத் தேடும். தூரத்திலிருந்து பார்க்கிற அந்நியனுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

அன்றிலிருந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் பழகுவாள், பெரியவளுக்குக் கேட்காமல் இருக்க. தலையாட்டுவதற்கு என்ன சத்தம் வரும் என்று யோசிக்கிற நிதானம்கூட இல்லை. மேலே, கீழே. மேலே, கீழே. கழுத்து முதலில் திமிறியது. பதினெட்டு வருடப் பழக்கம், சும்மா விடுமா. மூன்றாவது வாரம் படிந்தது. கேன்டீன்காரம்மா கரண்டியைத் தூக்கியபோது சின்னவள் தாடை சுத்தமாக மேலும் கீழும் போயிற்று. அந்தம்மா ஒரு கரண்டிக்கு இரண்டாக ஊற்றி, கன்னத்தையும் கிள்ளிவிட்டாள். மொழி டீச்சர் வகுப்பில் எல்லோர் முன்னாலும், இப்போது நீ எங்களில் ஒருத்தி ஆகிவிட்டாய் என்றார். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது அந்த மூன்றாவது வாரத்தில். பாறை வாத்தியார் இரண்டு கற்களை மேஜையில் வைத்தார். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் ஒன்று போலவே இருந்தன. எது களிமண்ணில் பிறந்தது, எது வண்டலில் பிறந்தது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. வாத்தியார் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்து, முன்பல்லால் லேசாகச் சுரண்டினார். வகுப்பு முகத்தைச் சுளித்தது. பெரியவள் 'ச்சீ' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவள் எழுந்து போய் இன்னொரு கல்லை எடுத்துக் கடித்தாள். முதல் கல்லையும் கடித்தாள். ஒன்று பல்லில் வெண்ணெய் மாதிரி வழுக்கியது, இன்னொன்று நறநறத்தது. நறநறக்கிற கல்லைத் தூக்கிக் காட்டி 'வண்டல்' என்று அந்த ஊர் வார்த்தையில் சொன்னாள். பிறந்தது முதல் நாலு பேர் முன்னால் தானாக அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். வாத்தியார் அவளைப் பார்த்த பார்வையை அவள் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள், யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். இனி இந்தப் படிப்பு பெரியவளுக்குத் துணையாக வந்த படிப்பு இல்லை, தன்னுடையது என்று நினைத்தாள். இதையாவது யாரும் பிடுங்கக் கூடாது என்றும் நினைத்தாள்.

ஆறாவது வாரம் மலைக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு பஸ், நாற்பது பேர், இருபது ஜோடி. ஜோடிக்கு ஒரு வரைபடம், ஒரு சுத்தியல், ஒரு விசில். தொலைந்துபோனால், அடிபட்டால், விசிலை மூன்று முறை ஊத வேண்டும். இதை வாத்தியார் மூன்று மொழியில் சொன்னார். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் விசில், கயிற்றோடு. "இதெல்லாம் யாரு மாட்டுவா, மாட்டுக்குக் கட்டுன மணி மாதிரி" என்று பெரியவள் அதைச் சின்னவள் கழுத்தில் போட்டாள். அவர்களுடையது பதினோராவது ஜோடி. மலை ஏறுகிற பாதையின் வாயில் ஒரு கம்புத் தடுப்பு, அதன் பக்கத்தில் ஒரு மரக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு கிழவர். தடுப்பைத் தூக்கி இறக்குவதும், ஏறுகிறவர்களை ஒரு நோட்டில் எழுதி, இறங்கியதும் டிக் அடிப்பதும் அவர் வேலை. பென்சிலைக் கடித்துக் கடித்து அதன் பின்பக்கம் துடைப்பம் மாதிரி ஆகியிருந்தது. பதினொன்று என்று எழுதிவிட்டு, சின்னவளைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினார். சின்னவளும் அதே மாதிரி ஆட்டினாள். கிழவர் சந்தோஷமாகத் தடுப்பைத் தூக்கினார்.

இரண்டு மணி நேரம் ஏறிய பிறகு, மரங்கள் முடிந்து வெறும் பாறையாக இருந்த ஒரு சரிவில், சின்னவள் அதைக் கண்டாள். சுத்தியலால் ஒரு தட்டு தட்டியதும் கல் புத்தகம் போலப் பிரிந்தது. உள்ளே ஒரு சிப்பி. விசிறி மாதிரி வரி வரியாக, விளிம்பு கூட உடையாமல். இந்த உயரத்தில், கடலே இல்லாத தேசத்தில், ஒரு சிப்பி. இது கடலாக இருந்த இடம், இந்த மலை முழுக்க ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் கிடந்தது என்று அவள் உடம்புக்கே புரிந்தது. "அக்கா, இங்க பாரேன்" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

பெரியவள் வந்து பார்த்தாள். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"நான் காட்டிக்கிறேன் வாத்தியார்கிட்ட. உனக்கு வாய் வராது."

"அது நான் எடுத்ததுக்கா."

"யாரு இல்லன்னா? நீ எடுத்த, நான் சொல்றேன். எப்பவும் அப்படித்தானே."

"குடுக்கா."

"இவ்ளோ நாள் இல்லாத கோவம். உன்னைய யாரு இங்க கூப்பிட்டா? எனக்கு ஒரு துணை வேணும்னு அப்பா சொன்னாரு. நாய்க்குட்டி எல்லாம் விடுதியில விட மாட்டாங்க, அதான் உன்னைக் கூட்டிட்டு வந்தோம்."

சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தானே மெச்சிச் சிரித்துக்கொண்டு பெரியவள் பின்னால் ஒரு எட்டு வைத்தாள். இரண்டு பாறைக்கு நடுவே கால் இறங்கியது. உடம்பு ஒரு பக்கம் போக, கால் ஒரு பக்கம் நின்றது. சத்தம் சின்னவளுக்கே கேட்டது. காலை வெளியே எடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. கணுக்கால் கண்ணெதிரிலேயே வீங்கியது. ஊன்ற முடியவில்லை. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. விசில் இரண்டு பேருக்குமே நினைவில் வரவில்லை. கீழே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வர ஆரம்பித்திருந்தது. சின்னவள் பெரியவளைப் பாறை மறைவில் உட்கார்த்தி, தன் மேல்கோட்டையும் கழற்றிப் போர்த்தினாள். அதைச் சொல்லியே ஆக வேண்டும், அப்போது அவள் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை.

"போய் ஆள் கூட்டிட்டு வா" என்றாள் பெரியவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "வாயைத் தொறந்து சொல்லு. அங்க போய் பொம்மை மாதிரி தலைய ஆட்டிக்கிட்டு நிக்காத. கேக்குதா?"

சின்னவள் இறங்கினாள். பாதி தூரம் ஓடியே இறங்கினாள். அந்த ஊர் மொழியில் சொல்ல வேண்டியதை வாய்க்குள் கோர்த்துக்கொண்டே வந்தாள். அக்கா, மேலே, கால், வலி. நாலு வார்த்தை போதும். இறங்க இறங்க அந்த நாலு வார்த்தைக்கு நடுவில் வேறு வார்த்தைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. நாய்க்குட்டி. உனக்கு வாய் வராது. நீயா கண்டுபிடிப்பேன்னு பாத்தேன். எவ்ளோ நாள் ஆகும்னு பாத்தேன். தடுப்புக்கு வந்தபோது பனி அடர்ந்து, ஒரு பஸ் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. இரண்டாவது பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பனியைப் பார்த்துச் சீக்கிரமே எல்லோரையும் இறக்கியிருந்தார்கள், வேறு பாதையில் இறங்கியவர்கள் நேராக பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். கிழவர் நோட்டை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் இரண்டு விரலைக் காட்டி, ஒன்றை மடக்கி, மலையைக் காட்டினார். இன்னொருத்தி? மேலே இருக்கிறாளா?

சின்னவளுக்கு மூச்சு வாங்கியது. நாலு வார்த்தையும் வாயில் தயாராக இருந்தன. அவள் தலையை ஆட்டினாள்.

எந்த ஆட்டு என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூக்கு இடது தோளுக்குப் போனது, வலது தோளுக்குப் போனது, மறுபடி இடது தோளுக்கு. பயத்தில் வந்ததில்லை, பழக்கத்தில் வந்ததில்லை. நீயா இறங்கி வா, எவ்ளோ நேரம் ஆகும்னு பாக்குறேன் என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது, அது அவள் குரல்தான். கிழவர் 'அப்பாடா' என்பது போல மூச்சு விட்டு, பதினொன்றுக்கு நேரே டிக் அடித்தார். தோளைத் தட்டி பஸ்ஸைக் காட்டினார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. விசில். ஜோடிக்கு ஒன்று. அதையாவது அவளிடம் விட்டுவிட்டு வந்திருக்கலாம். அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வளைவு வந்தது, போனது. பாலம் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் சொல்வது கூடுதல் கஷ்டமாகிக்கொண்டே போனது. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பார்களே. விடுதி வாசலில் இறங்கி, படியில் நின்று, முதல் பஸ்ஸில் வந்திருந்த பாறை வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டு "அக்கா மேலே" என்று அலறியபோது, தடுப்பை விட்டு வந்து ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. மீட்பு ஆட்கள் பனியில் இரண்டு முறை ஏறி இரண்டு முறையும் திரும்பினார்கள். மறுநாள் விடிந்ததும் பெரியவளைத் தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது. இடது காலில் நான்கு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அவள் பொய் சொல்லவே தேவைப்படவில்லை, அதுதான் இதில் பெரிய கொடுமை. எல்லோரும் அவளுக்காகச் சொல்லிவிட்டார்கள். பாவம், அவர்கள் ஊர் வழக்கப்படி 'ஆமாம்' என்று தலையாட்டியிருக்கிறாள், சொல்லியாயிற்று என்று நம்பி பஸ்ஸில் ஏறியிருக்கிறாள், யாரும் போகவில்லை என்று தெரிந்ததும் அலறியிருக்கிறாள். கேன்டீன்காரம்மா தானே வந்து நாலு நாள் சூப் கதையைச் சொன்னாள். குடும்பக் குழுவில் இருந்த வீடியோவே சாட்சியாயிற்று. அம்மா போனில் அழுதாள். "நம்ம பழக்கம்தானேடி. பொறந்ததுலருந்து அப்படித்தானே ஆட்டுவ. நீ என்ன பண்ணுவ." அந்தப் பதினான்காவது சிரிப்பு அந்தக் குரலில் இல்லை. சின்னவளுக்கு அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

கிழவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு பெரியவளின் கட்டில் ஓரத்தில் நின்றார். நான் வாயால் கேட்டிருக்க வேண்டும், நான் இரண்டாம் தடவை கேட்டிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போல, அன்று பார்த்ததை ஒருமுறை ஆட்டிக் காட்டினார். சின்னவள் கதவோரம் ஃப்ளாஸ்க்கோடு நின்றிருந்தாள். பெரியவள் அந்தக் கிழவரின் தலையைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

விசாரணை துறைத் தலைவரின் அறையில் நடந்தது. பெரியவளைச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்தார்கள். மேஜையில் அவள் பையிலிருந்து எடுத்த சிப்பிக் கல் இருந்தது. நல்ல கல் என்று அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்க முடிவாகி, கண்டெடுத்தவர் என்று பெரியவள் பெயரை ஒரு சீட்டில் அடித்தும் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஆமாம் என்றால் எப்படி ஆட்டுவோம் என்று பெரியவள் ஆட்டிக் காட்டினாள், அழகாக, காது தோளைத் தொட. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு முறை ஆட்டிப் பார்த்தார்கள், லேசாகச் சிரிப்புகூட எழுந்தது. கிழவர் மட்டும் எழுந்து, இல்லை, அவள் இப்படி ஆட்டவில்லை, இப்படி, என்று மூக்கைத் திருப்பிக் காட்டினார். தன் தப்பை மறைக்கப் பார்க்கிறார் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. மொழி டீச்சர் மட்டும் சின்னவளைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், பயத்தில் பழைய பழக்கம் திரும்பி வரும் என்று சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். கிழவர் மறுபடி ஒருமுறை ஆட்டிப் பார்த்தார், இந்த முறை அவருக்கே சந்தேகம் வந்து தலை பாதியில் நின்றுவிட்டது. முப்பது வருடமாக இருந்த கூண்டிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள்.

பெரியவள் அறைக்குத் திரும்பிய இரண்டாவது நாள், மத்தியானம், சின்னவள் தரையில் உட்கார்ந்து கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். கட்டை விரல் மட்டும் தனியாக நின்றது. மற்ற இடத்தில் தையல். ஜன்னலில் அந்தக் கொஞ்ச நேரத்து வெயில்.

"எப்படி ஆட்டுன? எனக்கு ஒரு தடவ காட்டு."

சின்னவள் நிமிர்ந்து பார்க்காமல் தலையை ஆட்டினாள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.

"அந்தக் கிழவர் ஆஸ்பத்திரில ஆட்டிக் காட்டுனாருடி. மூக்கு போச்சு. காது போகல."

பஞ்சு சின்னவள் கையிலிருந்து விழுந்தது. எடுத்தாள். வேறு பஞ்சு எடுக்க வேண்டும் என்பது மறந்து அதையே மருந்தில் நனைத்தாள்.

"உனக்குத் தெரிஞ்சுமா அங்க அப்படிச் சொன்ன?"

"சொல்லாம? உண்மையச் சொன்னா உன்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் எனக்கு யாரு கட்டு மாத்துவா? யாரைப் பிடிச்சுக்கிட்டு நான் நடக்குறது?" பெரியவள் குரலில் கோபமே இல்லை. சாமான் பட்டியல் சொல்கிற குரல். "நாலு வருஷப் படிப்பு. அதுக்கப்புறமும் பாத்துக்கலாம். ராத்திரி முழுக்க யோசிக்க நேரம் இருந்துச்சுடி எனக்கு, அந்தக் கல்லைக் கையில வச்சுக்கிட்டு. ஒரு தடவ விசில் ஊதலாம்னு கழுத்தைத் தடவிப் பாத்தேன். உன் கழுத்துல இருக்கு."

சின்னவள் அழுதாள். அழுதுகொண்டே கட்டை முடித்து, ஊக்கு மாட்டினாள், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"நான் போய்ச் சொல்லிடுறேன்கா. அந்தத் தாத்தா என்ன பண்ணாரு."

"போ. சொல்லு." பெரியவள் போனைக் கையில் எடுத்தாள். "உங்க அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். வீடியோ கால்லயே சொல்றேன், எல்லாரும் இருக்கும்போது. போறதுக்கு முன்னாடி அந்த விசிலைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. இனிமே அது என்கிட்ட இருக்கட்டும்."

அது இன்னும் கழுத்தில் இருக்கிறது என்பதே சின்னவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை போலிருக்கிறது. கழற்றிக் கொடுத்தாள். பெரியவள் கயிற்றைத் தன் கழுத்தில் போட்டு, முடியை வெளியே எடுத்துவிட்டு, அது சரியாகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டாள். மாட்டுக்குக் கட்டிய மணி என்று இப்போது சொல்லவில்லை.

சின்னவள் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தாழ்வாரம் நீளமானது. அதன் முடிவில் படிக்கட்டு, படிக்கட்டுக்கு மேலே ஒரு ஜன்னல். அதில் மலை தெரிந்தது. கம்புத் தடுப்பும் மரக் கூண்டும் அதன் அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தன. கூண்டுக்குள் இப்போது புதிதாக யாரோ உட்கார்ந்திருப்பார்கள். துறை அலுவலகத்தை மூன்று மணிக்கு மூடுவார்கள், இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சொல்ல வேண்டியதை அந்த ஊர் மொழியில் வாய்க்குள் கோர்த்தாள். நான். தெரிந்தே. இல்லை என்றேன். இந்த முறையும் நாலே வார்த்தைதான். முதல் படியில் கால் வைத்தாள்.

பின்னால் விசில் கேட்டது. ஒரே ஒரு ஊதல், குட்டையாக, தண்ணீர் கேட்கிற மாதிரி. சின்னவள் நின்றாள். ஒரு கால் படியில், ஒரு கால் மேலே, கை கம்பியில். இரண்டாவது ஊதல் கொஞ்சம் நீளமாக வந்தது. மூன்றாவதுக்காக அவள் காத்துக்கொண்டு நின்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, பார்க்கவும் யாரும் இல்லை. அந்தப் படிக்கட்டில் அவள் தலை மட்டும் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.